பல்லக்கு, பாய், இருக்கை: புத்தளக் கரையும் தூரப் பயணத்தின் வகுப்புக்களும்

கி.பி. 1344 ஆம் ஆண்டிலே மாலைதீவிலிருந்து மாபார் எனப்பட்ட தமிழகக் கரையை நோக்கிப் புறப்பட்ட மரக்கலமொன்று, காற்றின் போக்கினால் வழிதப்பி இலங்கையின் மேற்குக் கரையை அடைந்தது. அதிலே வந்தவர் மொறொக்கோ நாட்டு யாத்திரிகரான இபன் பதூதா ஆவர். தாம் கரையிறங்கிய ஊரை அவர் 'பத்தாலா' எனக் குறிப்பிடுகின்றார். அது இன்றைய புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. மழைவெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் அக்கரை முழுவதும் குவிந்து கிடந்தன எனவும், அப்போது அவ்வூரிலே தங்கியிருந்த ஆரியச்சக்கரவர்த்தி பாரசீக மொழியை விளங்கிக்கொள்ள வல்லவனாயிருந்தான் எனவும், அவன் முன்னிலையிலே முத்துக்கள் தரம் பிரிக்கப்பட்டன எனவும் அவருடைய குறிப்புக்களிலிருந்து அறிகின்றோம். வேண்டியதைக் கேட்குமாறு மன்னன் கூறியபோது, சிவனொளிபாதமலையிலுள்ள திருவடித் தடத்தைத் தரிசிப்பதைத் தவிர வேறொன்றும் வேண்டேன் என்றார் பதூதா. மன்னன் அவருக்கு ஒரு பல்லக்கையும், அதனைச் சுமக்கத் தன் அடிமைகளையும் அளித்தான். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் வழக்கமுடைய யோகியர் நால்வரும், பிராமணர் மூவரும், மன்னனின் பரிவாரத்தினர் பதின்மரும், உணவுப் பொருள்களைச் சுமக்கப் பதினைந்து பேரும் உடன் சென்றனர்.

புத்தளக் கரையிலிருந்து புறப்பட்ட தூரப் பயணங்களுள் யார் எவ்வாறு சென்றனர் என்பது இவ்வளவு தெளிவாகப் பதியப்பட்ட முற்பட்ட சான்று வேறு கிடைத்தல் அரிது. ஒரே வழி, ஒரே இலக்கு. எனினும் அக்குழுவிலே ஒருவர் சுமக்கப்பட்டார், சிலர் சுமந்தனர், எஞ்சியோர் நடந்தனர். இதனைப் பயண வகுப்பு என்று அக்காலத்தவர் அழைத்திலர். ஆயினும் இன்று தூரதேசம் செல்லும் விமானத்திலே திரைச்சீலை கொண்டு மூன்றாகவும் நான்காகவும் பகுக்கப்படும் இருக்கைகளின் வரலாற்றை ஆராயப் புகுவோர், இப்பல்லக்கிலிருந்து தொடங்குவது பொருத்தமானதே. 'வகுப்பு' என்னும் சொல் 'வகு' என்னும் அடியாகப் பிறந்து, பள்ளிக்கூடத்து அறையையும், சமூகப் பிரிவையும், புகையிரதப் பெட்டியின் தரத்தையும் ஒருங்கே குறித்து நிற்பதும் கவனத்துக்குரியது. வகுத்தல் என்பது தானாக நிகழ்வதன்று. வகுப்பவன் ஒருவன் இருத்தல் வேண்டும்.

பதூதாவின் பயணத்திலே இன்னும் இரு செய்திகள் உள. ஒன்று, மலைக்காட்டு வழியிலே பாய்ந்து பற்றும் அட்டைகளைப் பற்றியது. அவற்றின்மீது பிழிவதற்கென அங்குள்ளோர் எலுமிச்சம்பழத்தை ஆயத்தமாக வைத்திருந்தனராம். பல்லக்கிலிருப்பவன் என்றும் அதைச் சுமப்பவன் என்றும் அட்டை வேறுபாடு காட்டியிராது. மற்றையது, திரும்பும் வழியிலே நிகழ்ந்தது. அதுவரை புத்தளத்திலே காத்திருந்த கப்பலில் ஏறி மாபார் நோக்கிச் சென்றபோது, கரைக்கு அண்மையில் ஆழமற்ற பகுதியிலே கலம் தட்டிச் சிதைந்தது. மரங்களைப் பிணைத்து மாலுமிகள் அமைத்த மிதவையிலே எல்லோருக்கும் இடம் இல்லை. தம் தோழர் இருவரையும் அடிமைப் பெண்ணொருத்தியையும் அதிலே அனுப்பிவிட்டு, மற்றொருத்தி கயிற்றைப் பற்றி நீந்திச் செல்ல, பதூதா உடைந்த கலத்தின் பிற்பகுதியிலேயே இரவைக் கழித்தார். தரையிலே பல்லக்குப் பெற்றவர் கடலிலே மிதவையில் இடம்பெறாது நின்றார். இம்முறை அவ்விடத்தைத் தெரிவு செய்தவர் அவரே.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களிலே புத்தளக் கரையின் போக்குவரத்தைத் தீர்மானித்தவை கடனீரேரியும் கால்வாயுமே. கற்பிட்டியிலே 1667 இல் கோட்டை கட்டத் தொடங்கிய ஒல்லாந்தர், கொழும்பையும் நீர்கொழும்பையும் புத்தளத்துடன் இணைக்கும் நீர்வழியையும் வளர்த்தனர். தட்டையான அடிப்பாகமும் கிடுகு வேய்ந்த கூரையும் கொண்ட படகுகள் அதன்வழியே சென்றன. புத்தளத்து உப்பும், கருவாடும், கொப்பராவும் தெற்கே போயின. இப்படகுகள் முதன்மையாகச் சரக்குக்காகவே அமைந்தவை. உப்பு நனையலாகாது என்பதற்காக வேய்ந்த கூரையின் நிழலிலே மனிதனும் ஒதுங்கினான் எனலாம்.

இக்கரையின் தலைசிறந்த தமிழறிஞரான சைமன் காசிச்செட்டி 1807 இல் கற்பிட்டியிலே பிறந்தவர். இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் துறைகளையும் அகரவரிசைப்படுத்தி 1834 இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூலும், தமிழ்ப் புலவர் வரலாறாக 1859 இல் அச்சேறிய 'தமிழ் புளூராக்கும்' அறிஞர் உலகம் அறிந்தவை. 1838 இல் அவர் சட்டநிரூபண சபைக்கு நியமிக்கப்பட்டார். கற்பிட்டியிலிருந்து கொழும்புக்குச் செல்வது ஒரு நாட்டின் கரையோரத்துக்குள்ளேயே நடைபெறும் பயணமாயினும், புகையிரதமில்லாத அந்நாளிலே அதுவும் தூரப் பயணமே. சிலாபத்துக்குப் புகையிரதப் பாதை 1916 இலும் புத்தளத்துக்கு 1926 இலுமே வந்தன.

புகையிரதத்துடன் வந்ததே முதலாம், இரண்டாம், மூன்றாம் என எண்ணிட்ட வகுப்பு முறை. பல்லக்கின் வசதி இன்னொருவனின் தோளிலிருந்து பெறப்பட்டது. புகையிரதத்தின் வசதியோ விலைப்பட்டியலிலிருந்து பெறப்பட்டது. இவ்வேறுபாட்டை முற்போக்கானதெனக் கொள்வோர் உளர். பிறப்பினாற் கிடையாத இருக்கை பணத்தினாற் கிடைக்கலாயிற்று என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் பிரான்சு நாட்டுப் பொறியியலாளரும் பொருளியலாளருமான யூல் டுப்புயி 1849 அளவில் எழுதிய ஒரு கருத்து இவ்விடத்தே நினைக்கத்தக்கது. மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரையின்றி விட்டமை கூரைச் செலவை மிச்சப்படுத்துவதற்காக அன்று. இரண்டாம் வகுப்புக்குப் பணங் கொடுக்கக்கூடியவன் மூன்றாம் வகுப்பிலே ஏறிவிடாதிருக்கவே என்பது அவர் கண்ட முடிபு. ஏழையை வருத்துவது நோக்கமன்று. செல்வனை அச்சுறுத்துவதே நோக்கம். இடையிலே நனைந்தவன் ஏழை. இங்கிலாந்திலே மூன்றாம் வகுப்புப் பயணிக்கு மழையிலிருந்து காப்பளிக்குமாறு கம்பனிகளைக் கட்டாயப்படுத்த 1844 இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. இந்தியப் புகையிரதங்களின் மூன்றாம் வகுப்பு நிலைமைபற்றிக் காந்தியடிகள் 1917 இல் எழுதிய சிறு நூலும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

வசதியின்மை என்பது எப்போதும் வறுமையின் விளைவன்று. சிலவேளைகளில் அது திட்டமிட்டு உற்பத்தி செய்யப்படும் பண்டம். பின்னைய விமான வகுப்புக்களை விளங்கிக்கொள்ள இதனிலும் சிறந்த திறவுகோல் இல்லை.

கடலிலே நிலைமை வேறு. இந்து சமுத்திரத்திலே ஓடிய நீராவிக் கப்பல்களில் அறைப் பயணிகள் ஒருசிலரும், மேற்றளப் பயணிகள் பல நூற்றுவரும் ஏறினர். மேற்றளப் பயணிக்கு இருக்கை இல்லை. அவன் விரித்த பாயே அவன் இடம். 1926 இலே கட்டப்பட்டு, சென்னை, நாகபட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் எனப் பல்லாண்டு ஓடி 1973 இல் ஓய்வுபெற்ற 'ரஜுலா' கப்பலை அறியாத மலாயாத் தமிழ்க் குடும்பம் இருந்திராது. மன்னார்ப் பக்கத்திலே 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே ஓடிய கப்பற் சேவை 1964 ஆம் ஆண்டுப் புயலினால் தனுஷ்கோடி அழிந்தபோது அவ்வழியிலே முடிவுற்றது. ஐரோப்பியருக்கோ கப்பலின் எப்பக்கத்து அறை என்பதே கவலையாயிருந்தது. செல்வச் செழிப்பைக் குறிக்கும் 'போஷ்' என்னும் ஆங்கிலச் சொல், கிழக்கே போகையில் இடப்பக்க அறையும் மீள்கையில் வலப்பக்க அறையும் வேண்டும் என்ற கோரிக்கையின் முதலெழுத்துக்களாற் பிறந்ததெனக் கூறும் கதை உண்டு. அதற்கு ஆதாரம் எதுவும் கிடைத்திலது. ஆயினும் செங்கடலிலே நிழற்பக்க அறையின் அருமையை அறிந்தவனே அக்கதையைக் கட்டியிருப்பான்.

மேற்றளத்தின் உண்மையான இழிநிலை வெயிலன்று. 1880 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே ஏறக்குறைய 950 ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர்ப் பக்கமிருந்து சென்ற 'ஜெத்தா' என்னும் கப்பல் ஏடன் வளைகுடாவை அணுகுகையிலே புயலில் நீர்கசியத் தொடங்கிற்று. தலைவனும் வெள்ளை அதிகாரிகளும் படகிலேறித் தப்பினர். கப்பல் மூழ்கிவிட்டதெனக் கரையிலே கூறினர். ஆனால் யாத்திரிகர் நீரை இறைத்துக் கப்பலைக் காத்தனர். வேறொரு கப்பல் அதனை ஏடனுக்கு இழுத்து வந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. யோசப் கொன்றாட் 1900 இல் வெளியிட்ட நாவலொன்றுக்கு இதுவே மூலம். உயர்ந்த வகுப்பு என்பதன் இறுதிப் பொருள் மெத்தையன்று, முதலில் வெளியேறும் உரிமையே என்பதை இந்நிகழ்ச்சிபோற் காட்டுவது வேறில்லை.

இரண்டாம் உலகப்போர் புத்தளத்துக்கு விமானத்தைக் கொண்டுவந்தது. பிரித்தானியக் கடற்படையின் வான்பிரிவு இங்கு அமைத்த தளத்துக்கு 'ராஜாளிய' என்று பெயர். இராசாளி என்னும் தமிழ்ச்சொல்லும் அதுவும் ஒன்றே என்பதை அப்பெயரை இட்டவர் அறிந்தனரோ என்னவோ. சேற்றிலே புதைந்த போர்விமானங்களை யானைகள் இழுத்துச் செல்லும் புகைப்படங்கள் அக்காலத்துப் புத்தளத்திலிருந்தே வெளிவந்தன.

அதே போர்க்காலத்திலே தென்னிலங்கையின் கொக்கலவிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கு ஒரு விமானச் சேவை நடைபெற்றது. குவான்டாஸ் நிறுவனம் 1943 ஜூலை முதல் 1945 ஜூலை வரை கற்றலினா என்னும் நீர்விமானங்களைக் கொண்டு இதனை நடத்திற்று. சிங்கப்பூர் யப்பானியர் கையிலிருந்தமையால் இடையிலே தங்குதுறை இல்லை. ஒருமுறை கடக்க 27 முதல் 33 மணி நேரம் வரை சென்றது. பயணிகள் இரு சூரியோதயங்களைக் காண்பர் என்பதனால் 'இரட்டைச் சூரியோதயம்' என்ற பெயர் நிலைத்தது. எரிபொருளின் பாரத்தினால் மூவருக்கு மேல் ஏற்ற முடியவில்லை. மூவரும் ஒரே குளிரை, ஒரே இரைச்சலை, ஒரே வானொலி மௌனத்தை அனுபவித்தனர். இடையில் நில்லாத நெடுந்தூர விமானப் பயணம் இலங்கையைத் தொட்ட முதற் காலத்திலே அதற்கு வகுப்பே இருக்கவில்லை.

போருக்குப் பின்னரும் சில ஆண்டுகள் இந்நிலையே நீடித்தது. 1947 டிசெம்பர் 10 ஆந் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குப் பறந்தது. 1952 ஆகஸ்டிலே இலண்டனிலிருந்து இலங்கைக்கு வரத் தொடங்கிய கொமெற் தாரை விமானத்திலே 36 இருக்கைகளே இருந்தன. விமானம் ஏறுவோர் அனைவரும் செல்வராயிருந்தமையால் அவர்களை வகுத்தற்கு வேண்டிய தேவை எழவில்லை. ஏழை கீழே நின்றான், அதுவே வகுப்பு.

வகுத்தல் தொடங்கிய நாளைத் துல்லியமாகக் கூறலாம். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் இணக்கப்படி 1952 மே முதலாந் திகதி அத்திலாந்திக்கு வழியிலே 'சுற்றுலா வகுப்பு' அறிமுகமாயிற்று. 1958 ஏப்பிரல் முதலாந் திகதி அதனிலும் மலிவான 'சிக்கன வகுப்பு' வந்தது. கட்டணத்தை நிர்ணயித்த சங்கமே அதற்குரிய வசதிக்குறைவையும் நிர்ணயித்தமை நோக்கற்பாலது. இருக்கை வரிசைகளின் இடைத்தூரம் 34 அங்குலம் என்றும், சிக்கன வகுப்பாருக்குச் சாதாரணச் சான்ட்விச் மட்டுமே உணவு என்றும் விதிக்கப்பட்டது. ஸ்கந்திநேவிய விமானக் கம்பனி ரொட்டித் துண்டின்மேல் இறைச்சியையும் மீனையும் குவித்துப் பரிமாறியபோது போட்டிக் கம்பனிகள் முறையிட்டன. அக்கம்பனிக்கு 20,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. ஏழைப் பயணிக்கு நன்றாக உணவிட்டதற்காகத் தண்டம் என்பது கேட்போருக்கு நகைப்பாக இருக்கலாம். டுப்புயியை வாசித்தவருக்கு அது வியப்பன்று.

பின்னைய வளர்ச்சி விரைவானது. 1970 ஜனவரியில் போயிங் 747 சேவைக்கு வந்ததும் ஒரே விமானத்தில் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் செல்லலாயினர். கழிவுக் கட்டணங்கள் பெருகின. முழுக் கட்டணம் கொடுத்த வணிகரும் கழிவு பெற்ற உல்லாசப் பயணியும் ஒரே வரிசையில் அமர்ந்தபோது முன்னவர் முணுமுணுத்தனர். 1978, 1979 ஆம் ஆண்டுகளிலே பல கம்பனிகள் இவர்களைப் பிரித்துவைத்தமையே 'வணிக வகுப்பின்' தோற்றம். அஃதாவது இடைவகுப்பு முதலிலே மெத்தையாகத் தோன்றவில்லை, திரைச்சீலையாகவே தோன்றிற்று. 1990 களின் தொடக்கத்திலே உயர்சிக்கன வகுப்பு எனும் இன்னொரு பிரிவு புகுந்தது. 2000 ஆம் ஆண்டிலே பிரித்தானிய விமானக் கம்பனி வணிக வகுப்பில் முற்றாகச் சாய்ந்து படுக்கையாகும் இருக்கையை அமைத்தது. மறுபுறத்தே சிக்கன வகுப்பின் 34 அங்குலம் பல விமானங்களிலே 31 அங்குலமாகவும் அதற்குக் கீழாகவும் சுருங்கிற்று.

இதனைப் பாயோடு ஒப்பிடுதல் பயனுடையது. 31 அங்குல இடைத்தூரமும் ஏறக்குறைய பதினேழரை அங்குல அகலமும் கொண்ட இருக்கை ஒருவனுக்கு அளிப்பது நான்கு சதுர அடிக்கும் குறைவான இடம். ஓராள் படுக்கும் பாயை ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமும் உடையதெனக் கொள்ளின் அது பதினைந்து சதுர அடி. மேற்றளத்துக் கூலியாள் தன் பாயை விரிக்க முடிந்த நாளிலே அவன் பெற்றிருந்த நீளத்தையே வணிக வகுப்பு இன்று பன்மடங்கு விலைக்கு விற்கின்றது. மேற்றளம் வசதியானதாயிருந்தது என்பது இதன் கருத்தன்று. அங்கு நோயும் நாற்றமும் இருந்தன. பயணம் நாட்கணக்கில் நீண்டது. ஆனால் வசதி என்னும் பண்டத்தின் சாரம் எது என்பதை இக்கணக்குக் காட்டுகின்றது: கால் நீட்டிப் படுத்தல்.

விமான வகுப்புக்கள் இவ்வாறு பெருகிய அதே காலத்திலேதான் புத்தளக் கரையினர் விமானமேறத் தொடங்கினர். 1973 இல் எண்ணெய் விலை உயர்ந்ததன் பயனாக வளைகுடா நாடுகளிலே வேலை பெருகிற்று. 1977 இன் பின் இலங்கையின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1979 செப்டெம்பரிலே எயார் லங்கா பறக்கத் தொடங்கிற்று. 1985 இன் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது. புத்தளம், கற்பிட்டி ஆகிய பகுதிகளின் தமிழ்பேசும் முஸ்லிம் குடும்பங்களிலிருந்து ஆடவரும், அவர்களினும் குறிப்பிடத்தக்கவாறு பெண்களும் சவூதி அரேபியா, குவைத் முதலாம் நாடுகளுக்குச் சென்றனர். தெற்கே வென்னப்புவ, மாரவில முதலிய கத்தோலிக்க ஊர்களிலிருந்து பலர் இத்தாலிக்குச் சென்றனர். 'சிறிய இத்தாலி' எனும் பட்டப்பெயர் வென்னப்புவவுக்கு வாய்த்தது இதனாலேயே. அவர்களுட் சிலர் விமானத்திலே சென்றனர். வேறு சிலர் மீன்பிடி இழுவைப் படகுகளிலே சென்றனர். விசா இல்லாதவனுக்கு எந்த வகுப்பிலும் இருக்கை இல்லை.

வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்பவளின் விமானச்சீட்டை வேலை கொடுப்போன் அல்லது முகவன் வாங்குவதே பெரும்பாலும் வழக்கம். அவள் தன் இருக்கையைத் தெரிவு செய்வதில்லை. வகுப்பு, வரிசை, இடைத்தங்கல் யாவும் அவளுக்காகத் தெரியப்படுகின்றன. 'வசதியான வகுப்பைத் தெரிவு செய்தல்' என்னும் தொடரிலே 'தெரிவு' என்ற சொல்லே வரலாற்றில் மிகச் சிலருக்கு உரியதாயிருந்தது. பல்லக்கைச் சுமந்த அடிமை தன் தோளைத் தெரிவு செய்திலன்.

1990 அக்டோபரிலே இக்கரை கண்ட பயணத்தை இவ்வரிசையிலிருந்து விலக்குதல் இயலாது. வடமாகாணத்து முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளாலே தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவிலிருந்து பல குடும்பங்கள் மீன்பிடி வள்ளங்களிலே கற்பிட்டியை வந்தடைந்தன. முதியோர், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் எல்லோரும் திறந்த வள்ளத்திலே ஒரே பலகையில் இருந்தனர். தூரம் சில பத்து மைல்களே; எனினும் அவர்களுட் பலருக்கு மீண்டு செல்லாத பயணம் அது. அக்கரையிலே செல்வராயிருந்தவரும் கூலியாளாயிருந்தவரும் இக்கரையிலே ஒரே ஓலைக்கொட்டிலில் இறங்கினர். வகுப்பில்லாப் பயணம் எப்போதும் சமத்துவத்தின் பயணமாகிவிடாது. அவர்களின் அடுத்த தலைமுறையினர் பலர் அதே புத்தளக் கரையிலிருந்து வளைகுடாவுக்கு விமானமேறினர்.

இன்று தெரிவு செய்யக்கூடிய ஒரு தலைமுறையும் இக்கரையில் உருவாகியுள்ளது. இத்தாலியிலே பிள்ளைகளைக் காணச் செல்லும் தாய் தந்தையருக்குச் சீட்டு வாங்கும் மகன், சிக்கன வகுப்பா வணிக வகுப்பா என்று உண்மையாகவே எண்ணிப் பார்க்கின்றான். அவனுடைய எண்ணத்துக்கு வரலாறும் மருத்துவமும் சில தரவுகளை அளிக்கின்றன.

நெடுநேரம் அசையாதிருத்தலால் காலின் ஆழ்நாளங்களிலே குருதி உறைதல் உண்டாகலாம் என்பது விமானத்தோடு கண்டறியப்பட்டதன்று. 1940 இல் இலண்டன் குண்டுவீச்சின்போது பதுங்கிடங்களிலே சாய்வு நாற்காலிகளில் இரவு முழுதும் உறங்கியோரிடையே இத்தகைய மரணங்கள் பெருகியதை மருத்துவர் கீத் சிம்சன் எடுத்துக்காட்டினார். பின்னர் விமானத்தோடு தொடர்புபடுத்தி 'சிக்கன வகுப்பு நோய்' என்ற பெயர் வழங்கலாயிற்று. அப்பெயர் பொருத்தமற்றது. உலக சுகாதார நிறுவனம் 2007 இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணிக்கு மேற்பட்ட பயணம் இவ்வாபத்தை ஏறக்குறைய இருமடங்காக்குகின்றது. ஆனால் மொத்த அளவிலே அது 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவினதே. விமானத்துக்கு மட்டுமன்றி, பேருந்துக்கும் புகையிரதத்துக்கும் மோட்டார் வண்டிக்கும் இது பொருந்தும். இருக்கையின் விலையினும் அசைவின்மையே காரணம். சன்னலோரத்திலே ஒடுங்கி எழாதிருப்பவருக்கு ஆபத்துக் கூடுதல் என்பதும் அறியப்பட்டுள்ளது. ஆகவே முதியவருக்குச் சிக்கன வகுப்பிலே நடைவழியோர இருக்கையைப் பெற்றுக்கொடுத்து, இடையிடையே எழுந்து நடக்குமாறு சொல்லியனுப்புதல் பணமின்றிக் கிடைக்கும் பெரும் பாதுகாப்பு ஆகும். முன்னரே இரத்த உறைவு கண்டவர் மருத்துவரைக் கேட்டுச் செல்லல் வேண்டும்.

பணத்தினாலும் மாற்ற முடியாதனவும் உள. விமானத்தின் உள்ளே அமுக்கம் ஆறாயிரம் முதல் எண்ணாயிரம் அடி உயரத்து மலையின் அமுக்கத்துக்கு ஒப்பானது. பேதுருதாலகால மலையின் உச்சியே 8,281 அடி என்பதை நினைவிற் கொண்டால் இது விளங்கும். காற்றின் ஈரலிப்பும் மிகக் குறைவு. முன்வரிசையும் பின்வரிசையும் அதே காற்றையே சுவாசிக்கின்றன. பதூதாவின் அட்டையைப்போல அதுவும் வகுப்பறியாது. குலுக்கலோ சிறகை அண்டிய நடுப்பகுதியிலே குறைவு; வால் பக்கத்திலே அதிகம். இதுவும் கட்டணத்தோடு தொடர்பற்றது.

எஞ்சுவது உறக்கம் ஒன்றே. கட்டுநாயக்கவிலிருந்து வளைகுடாவுக்குச் செல்ல நான்கு, ஐந்து மணி நேரம் போதும். அத்துணைக் குறுகிய நேரத்துக்குப் படுக்கை வாங்குதல் பெருமைக்கன்றி உடலுக்காகாது. இத்தாலிக்குச் செல்லும் பத்து மணிநேரப் பயணம், அதுவும் இரவிலே, முழங்கால் நோவுடைய எழுபது வயதினருக்கு எனின், கணக்கு வேறு. அவர்க்குக் கால் நீட்டுதல் பெருமையன்று. உயர்சிக்கன வகுப்பு இவ்விடத்தே ஒரு நடுவழி. அதன் இருக்கை சற்றே அகன்றது, சற்றே சாய்வது; ஆயினும் படுக்கையன்று. வணிக வகுப்பின் மிகைக்கட்டணம் சிக்கன வகுப்பின் பல சீட்டுக்களுக்குச் சமமாயிருப்பதால், மகனுக்கு முன்னுள்ள உண்மையான வினா, தாய் ஒருமுறை படுத்துச் செல்வதா, பலமுறை அமர்ந்து செல்வதா என்பதாகவே பெரும்பாலும் அமைகின்றது. வருடந்தோறும் பேரப்பிள்ளையைக் காண விரும்பும் தாய், மகன் கேட்டால், நடைவழியோர இருக்கையையே சொல்லுவாள்.